ஊதா மாளிகையும் எட்டு மணி வெயிலும்

பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினுக்குப் பின்னால் இருபத்து மூன்று வருடமாக நிற்கிறவளுக்குக் கலர் அக்கா என்றே பெயராகிவிட்டது. வாடிக்கையாளர்கள் ஷேட் கார்டோடு வந்த காலத்தில் அவளுக்கு அவர்களைப் பிடித்திருந்தது. செல்போனில் போட்டோவைக் காட்டிக்கொண்டு வர ஆரம்பித்தபின் பிடிக்கவில்லை.

ஒரு மாயாஜால சினிமாப் படம் வந்ததும் கூத்து உச்சத்துக்குப் போயிற்று. கடலுக்கடியில் ஒரு மாளிகை. அதில் ஒரு மந்திரக்காரி. அவள் மூச்சுவிட்டால் சுவரெல்லாம் ஊதாவாக மினுங்கும். ஊரே அந்த ஊதாவுக்கு அலைந்தது. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? பத்தே நாளில் ‘ஆழ்கடல் அரண்மனை’ என்று பன்னிரண்டு ஷேட் அச்சடித்து அனுப்பினான். அதில் ஒன்பது, போன வருடப் படத்துக்காக ‘வனதேவதை’ என்று அனுப்பியவையேதான்.

“அக்கா, இதே கலர். இம்மி மாறக்கூடாது.”

“இது கலர் இல்ல தம்பி, வெளிச்சம். கம்ப்யூட்டர்ல போட்டது. டப்பால வராது.”

“மெஷின்ல வருமாமே?”

“வரும். அந்த மந்திரக்காரியையும் கூட்டிட்டு வந்து ஹால்ல உக்கார வெச்சீங்கன்னா.”

யாரும் கேட்கவில்லை. ஒரு பல் டாக்டர் ஆஸ்பத்திரி முழுக்க அந்த ஊதாவை அடித்தார். நாற்காலியில் சாய்ந்தவர்களின் ஈறெல்லாம் கறுப்பாகத் தெரிய, ஆளாளுக்குப் பயந்து வேறு டாக்டரைத் தேடிப் போனார்கள். ஒரு மாதம் கழித்து, வெள்ளை கேட்டுத் தலையைக் குனிந்தபடி வந்தார். அக்கா சிரிக்கவில்லை. டப்பா மூடியில் வெள்ளையை ஒரு விரல் தொட்டு வைத்து, “இது எந்தப் படத்துல வருது டாக்டர்?” என்று மட்டும் கேட்டாள்.

அதன்பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் கேட்டாலும் சாயத்தைப் பாதியாகக் குறைத்துக் கலந்துவிடுவாள். “அப்படியே படம்தான் அக்கா!” என்று திரும்பி வந்து பாராட்டினார்கள். அவர்கள் கண்ணின் லட்சணம் அவ்வளவு.

இந்த நிலையில் மகனும் மருமகளும் அவளோடேயே வந்து தங்குவதாக முடிவாயிற்று. அவர்களுக்குக் கொடுக்க இருந்தது ஒரே ஒரு அறை. அவள் கணவர் கடைசி இரண்டு வருடம் படுத்திருந்த அறை. அதன் சுவர் மஞ்சள், எந்தக் கார்டிலும் இல்லாதது. அவருக்காக அவளே கலந்தது.

“அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மாளிகை ஊதா அடிச்சுக்கலாமா?” என்றாள் மருமகள்.

“அடிச்சுக்கோம்மா” என்றாள் அக்கா. வேறு என்ன சொல்வது? நீயுமா தாயே என்று மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டிக்கொண்டாள்.

மறுநாள் பெயிண்டர் பிரைமர் டப்பாவைத் திறக்கப் போனபோது தடுத்தாள்.

“பிரைமர் வேணாம். நேரா அடி.”

“அக்கா, மஞ்சள் மேல ஊதா. வெள்ளை பூசாம அடிச்சா...”

“எனக்கே சொல்லித் தரியா?”

வெள்ளை பூசினால் மஞ்சள் அடியோடு போய்விடும். பூசாவிட்டால் ஊதாவுக்கு அடியிலாவது இருக்கும். அவ்வளவுதான் அவள் கணக்கு. கைப்பழக்கத்தில் இதற்கும் சாயத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாள் என்பது சுவர் காய்ந்தபிறகுதான் உறைத்தது. மெல்லிய ஊதாவுக்குள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்க்க, நான்கு சுவரும் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் நின்றன.

பெயிண்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “ஊருக்கெல்லாம் பிரைமர் பிரைமர்னு தொண்டை கிழியக் கத்துவீங்களே அக்கா. உங்க வீட்டுலயா?”

மருமகள் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

“அடியில இருக்கிற மஞ்சள் என்ன கலர் அத்தை?”

“உங்க மாமா கேட்டது. இந்த ரூமுக்குக் கிழக்கு ஜன்னல் கிடையாதுல்ல? காலைல எட்டு மணி வெயில் மாதிரி வேணும்னாரு. ஏழு தடவை கலந்தேன்.”

“வந்துச்சா?”

“எங்க வரும்? ஆனா அவரு வந்துச்சுன்னுதான் சொன்னாரு.”

மருமகள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாக, “அப்ப எங்கள மாதிரி மாமாவும் வெளிச்சத்தைத்தான் கேட்டிருக்காரு” என்றாள்.

இருபத்து மூன்று வருடமாக எல்லோரையும் வாயடைக்க வைத்தவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிரைமர் டப்பாவின் மூடியை அவளே நெம்பித் திறந்தாள். முதல் சுவரில் வெள்ளை பூச வேறு யாரையும் விடவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்த கடைக்குப் போய், ஊதாவை முழுச் சாயத்தோடு மறுபடி கலந்து கொண்டுவந்தாள். அறை கண்ணைக் குத்தியது. மருமகளுக்கு முகமெல்லாம் பல்.

அடுத்த வாரம் ஒருவன் போனை நீட்டினான். இப்போது பாலைவனத்துப் பூதம் ஒன்றின் கோட்டை. எல்லாம் செம்பு நிறம்.

“அக்கா, இதே மாதிரி.”

“வராது” என்றாள் வழக்கம்போல. மெஷின் மேல் கையை வைத்தவள், “இப்ப உங்க சுவத்துல இருக்கிறது யாரு கேட்டு அடிச்ச கலர்?” என்றாள்.

“அது கிடக்குது பழசு.”

“வீட்டுல கேட்டுட்டு வா. அப்புறம் கலக்கறேன்.”

கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவன் அடுத்த கடைக்குப் போனான்.