நெட்டுருவுக்கு எதிராக ஒரு நெட்டுரு

பாச்சை உருண்டை வாடை எங்கே வந்தாலும் இன்றும் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். காரணம், அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்து நான் மாட்டிக்கொண்ட கறுப்புக் கோட்டும், அந்தக் கோலத்தில் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாவது பாரத்துப் பையன்களுக்கு நான் செய்த உபதேசமும்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் வீதிப் பிள்ளைகள் பாசுரம் கற்றுக்கொண்டது 'சந்தை' முறையில். சொல்லிக்கொடுப்பவர் ஒரு வரியை ஒரு தடவை சொல்வார், நாங்கள் இரண்டு தடவை சொல்வோம். நடுவில் தடுமாறினால் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாசுரத்துக்கு இது நல்ல வழி. நானும் என் தம்பி ரங்குவும் பூகோளம், சரித்திரம், கணக்கு எல்லாவற்றையும் இதே வழியில் ஏற்றிக்கொண்டதுதான் தவறு. பாலம் தாண்டித் திருச்சிக் கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்த முதல் பரீட்சையிலேயே எனக்கு வினை வந்தது. பேராசிரியர் முக்கோணத்துக்கு பி, க்யூ, ஆர் என்று பெயர் வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த முக்கோணம் ஏ, பி, சி ஒன்றுதான் என்பதால் அதையே ஓர் எழுத்துப் பிசகாமல் நிரூபித்துவிட்டு வந்தேன். 'இந்த முக்கோணம் எங்கே இருக்கிறது?' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்தார்.

ஆகவே, பரீட்சைக்கு முன்னால் பையன்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி, பழைய மாணவன் என்று ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டபோது, சொல்ல என்னிடம் உண்மையாகவே விஷயம் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முந்தைய எனக்கே நான் சொல்லியிருக்க வேண்டியது அது. போதாததற்கு ரங்கு அந்த வகுப்பில்தான் இருந்தான். "இந்த வருஷம் தேறலேன்னா உறையூர்ல மாமா ஜவுளிக்கடைக்குப் போய்ப் புடவை மடிக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். ரங்குவுக்குத் தன் வேஷ்டியையே ஒழுங்காக மடிக்க வராது. அவனைக் கரையேற்றவே அந்தப் பேச்சை எழுதினேன். எழுதி, கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு வாரம் உருப்போட்டேன்.

அன்று "அன்பார்ந்த மாணவ நண்பர்களே, பொருள் விளங்காத ஒரு வரியும் உங்கள் நாவில் ஏறக் கூடாது" என்று கம்பீரமாகத்தான் தொடங்கினேன். பாதியில் பியூன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டம்ளரைப் பார்த்தேன், அடுத்த வரி போய்விட்டது. வழக்கப்படி "அன்பார்ந்த மாணவ நண்பர்களே" என்று முதலிலிருந்து வந்து, அதே இடத்தில் நின்றேன். மூன்றாம் தடவையும் நின்றபோது ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வாரமாகக் கிணற்றடியில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த ரங்கு, இரண்டாம் பெஞ்சிலிருந்து கணீரென்று எடுத்துக்கொடுத்தான்: "கிளிப்பிள்ளைகளாக இருக்காதீர்கள்."

வகுப்பில் பாதிப் பேர் சந்தை சொல்லிப் பழகியவர்கள். யாராவது வரி எடுத்துக்கொடுத்தால் அவர்கள் வாய் சும்மா இருக்காது. "கிளிப்பிள்ளைகளாக இருக்காதீர்கள், கிளிப்பிள்ளைகளாக இருக்காதீர்கள்" என்று ஒரே குரலில் இரண்டு தடவை சொல்லி முடித்து, அடுத்த வரிக்காக என் முகத்தைப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரங்குவிடம் கேட்டேன். "நான் சொன்னதுக்கு அர்த்தம் புரிஞ்சுதாடா?"

"அர்த்தமெல்லாம் தெரியாதுண்ணா. ஆனா முழுக்க வரும். சொல்லட்டுமா?"

அந்த வருஷப் பரீட்சையில் முக்கோணம் ஏ, பி, சி என்றே வந்தது. ரங்கு தேறிவிட்டான். மாமாவின் புடவைகள் பிழைத்தன. என் உபதேசம்தான் செல்லாமல் போயிற்று.

இப்போது ஆறாவது பாரம் என்ற பெயரே இல்லை. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். ரங்குவும் போன வருஷம் போய்விட்டான். கல்லூரியில் படித்ததில் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை, அந்தப் பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. சில நாள் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். அந்த வரி எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த இடம் வந்ததும் நின்று, எடுத்துக்கொடுக்கும் குரலுக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறேன்.