மூன்று மணிக்குப் புத்தகப் படம்

பொறாமைப்பட எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தானாக வந்தது. அதுவும் நான் என் கையாலேயே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்ட ஒருத்தி மேல் வந்தது.

அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு சுங்கை லாலாங் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து பிறகு வரிசை வீடுகளாகிவிட்ட ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. எங்கள் வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால் என் தோழியின் வீடு. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்து ஒரே மேசை, ஒரே வேன். தலையில் பேன் வந்தால்கூட இருவருக்கும் சேர்ந்துதான் வரும். அவளுடைய தண்ணீர்ப் போத்தல் மூடியின் வார் அறுந்துபோனபோது, கோயிலில் கட்டிவிட்ட சிவப்புக் கயிற்றை என் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து நான்தான் மூடியைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்தேன். அந்தப் போத்தலை அவள் மாற்றவே இல்லை. இதெல்லாம் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் எனக்குச் சொந்தம் என்று நினைத்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது ஆள் கூலிமிலிருந்து வந்தாள். அவளுடைய அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பக்கத்து ஊரான பீடோங்கில் தன் அத்தை வீட்டில் தங்கி எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். முதல் வாரம் யாரும் அவளோடு பேசவில்லை. நானே போய்ப் பேசி, நம்பர் வாங்கி, நாங்கள் இருவர் மட்டும் இருந்த குழுவில் அவளையும் சேர்த்தேன். இதைப் பெரிய தியாகம் போல இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன். வந்த மூன்றாம் நாளே அவள் எங்கள் குழுவின் பெயரை மாற்றிவிட்டாள். நான் வைத்த பெயரைவிட அது நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

எங்களிடம் ஒரு விதி இருந்தது. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தானே பள்ளி விடுமுறை. அந்த இரண்டு நாளும் மதியம் மூன்று மணிக்குப் படிக்க உட்கார்ந்துவிட்டோம் என்பதற்குச் சாட்சியாக, திறந்த புத்தகத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். கீழே 'ஹாடிர்' என்று எழுத வேண்டும், வகுப்பில் வருகை சொல்வது போல. படம் போட்டுவிட்டால் பாதி படித்து முடித்த திருப்தி வந்துவிடும். அதற்குப் பிறகு ஆறு மணி வரை அரட்டைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இப்படித்தான் போனது.

"எங்க வூட்டு பூன புத்தகத்து மேல படுத்துருச்சி. எழுப்பினா பாவம்லா" என்று தோழி எழுதினாள்.

"பூனைக்கு எத்தன பக்கம் முடிஞ்சிச்சி?" இது கூலிம்காரி.

"மூணு சாப்டர். கண்ண மூடி யோசிச்சிக்கிட்டு இருக்கு."

"அப்ப பூன பாஸ். நம்ம மூணு பேரும் அதுகிட்ட டியூசன் போவோம்லா. மீனு கொடுத்தா போதும்."

நான் விடுவேனா? பெங்காஜியான் ஆம் என்கிற பொது அறிவுப் பாடத்தில் அன்றைக்கு அரசாங்கம் பற்றிய பகுதி. யோசித்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன். "நாடாளுமன்றம் செய்யிற அத்தன வேலையும் எங்க வீட்ல அம்மா ஒரு ஆளே செய்யிறாங்க. எதிர்க்கட்சி மட்டுந்தான் இல்ல. அப்பா சாப்புட்டு தூங்கிட்டாரு."

நல்ல நகைச்சுவைதான் என்று இப்போதும் சொல்வேன். தோழி அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டாள். கூலிம்காரியின் பூனை வரிக்கு விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்கள் ஏழு. நான் எண்ணினேன். எண்ணாமல் எப்படி இருப்பது? எனக்கு ஒரு விரல், அவளுக்கு ஏழு முகம்.

அன்றிலிருந்து அதே வேலையாகிவிட்டது. கூலிம்காரி ஒரு வரி எழுதினால் அதை வெல்ல நான் நான்கு வரி எழுதுவேன். நான்கு வரி எழுதினாலே சிரிப்பு போய்விடும் என்று தெரியாமல் இல்லை. அவள் எழுதியதை எல்லாம் தனியாகச் சேமித்து வைத்து, எங்கே சிரிப்பு வருகிறது என்று பார்ப்பேன். அந்த ஆராய்ச்சியைப் பாடப்புத்தகத்தில் செய்திருந்தால் என் கதை வேறு. இன்னொன்றும் உறுத்தியது. தோழி மட்டும் சொல்கிற 'பாவம்லா' கூலிம்காரியின் எழுத்திலும் வர ஆரம்பித்தது. பேச்சுகூட ஒட்டிப்போகும் அளவுக்கு ஆகிவிட்டதா என்று வயிறு எரிந்தது.

எங்கள் மூவரில் தோழிக்குத்தான் பெங்காஜியான் ஆம் பாடம் பயம். மலாய் மொழியில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அதுவரை நடந்த இரண்டு பரீட்சையிலும் அவளுக்குத் தோல்வி. அவளுடைய அக்கா ஏற்கெனவே காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிக் கூலிம் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "இதுலயும் பெயிலாச்சின்னா நீயும் அக்காகூட பஸ் ஏறிக்க" என்று அவள் அம்மா என் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். அம்மா கோபத்தில் சொல்லவில்லை, சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். தோழிக்கு ஆசிரியராக வேண்டும். எனக்கும்தான். ஒரே பல்கலைக்கழகம், ஒரே அறை என்று பதின்மூன்று வயதிலேயே முடிவு செய்து வைத்திருந்தோம்.

எனக்கு அந்தப் பாடம் நன்றாக வரும். அவள் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூலிம்காரியின் படம் வந்தது. ஆரஞ்சுப் பூப்போட்ட மேசை விரிப்பு, திறந்த புத்தகம், 'ஹாடிர்'. வழக்கம்போல் பெரிதாக்கிப் பார்த்தேன், அவள் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான். படத்தின் மேல் மூலையில் ஒரு போத்தலின் பாதி தெரிந்தது. மூடியில் சிவப்புக் கயிறு. நான் போட்ட முடிச்சு.

இரண்டு நிமிடத்தில் தோழியின் படமும் வந்தது. வெறும் பக்கம் மட்டும், விளிம்பே தெரியாமல் நெருக்கமாக எடுத்திருந்தாள். கீழே, "வீட்ல செம வெயிலு. ஃபேன் வேல செய்யல."

வீட்டிலா! பீடோங்கில் ஆரஞ்சுப் பூ மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் வெயில் என்கிறாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அழுதேனா என்றால், ஆமாம், கொஞ்சம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

நேராகக் கேட்டிருக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்த அத்தை வீட்டு வாசலில் நின்றிருக்கலாம். நான் கேட்கவில்லை. என்னை விட்டுவிட்டுப் படிக்கிறீர்களா, படியுங்கள் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம்கூட இரண்டு பேரும் நிம்மதியாகத் திருப்பக் கூடாது.

அடுத்த எட்டு ஒன்பது வாரம் வெள்ளியும் சனியும் நான் உழைத்த உழைப்பு கொஞ்சமில்லை. எந்த ஆசிரியர் பஸ் ஓட்டினால் எல்லாரும் உயிரோடு இறங்குவோம் என்று வாக்கெடுப்பு வைத்தேன். பள்ளி முதல்வர் மாதிரி குரல் மாற்றிப் பேசி அனுப்பினேன். ஸ்டிக்கர் செய்து தள்ளினேன். ஐந்து நிமிடம் பதில் வராவிட்டால், "எங்க போனீங்க? உசுரோட இருக்கீங்களா?" என்று தட்டி எழுப்புவேன். உடனே பதில் வரும். இரண்டு பேரிடமிருந்தும் வரும். ஒருத்தி எழுதியதை மற்றவள் வாருவாள், நான் நடுவில் புகுவேன், சாயங்காலம் ஆகிவிடும். இன்றைக்கும் இரண்டு பேரும் படிக்கவில்லை என்று மனம் குளிர்ந்துபோய்த்தான் குளிக்கப் போவேன். என் தோழி கம்பெனி பஸ் ஏற வேண்டி வரும் என்று அப்போது நினைத்தேனா? நினைத்தேன். அந்த நினைப்பை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஸ்டிக்கரைத் தேடினேன். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

கடைசிப் பரீட்சையின் முடிவு வந்த நாளில் பள்ளிக்குப் போனோம். தோழி தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாடத்தில் அவளுக்கு பி பிளஸ். கூலிம்காரிக்கு ஏ. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு சி மைனஸ். நாங்கள் மூவரும் கேட்ட படிப்புக்கு அது போதாது. எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. மூன்று பேரும்தானே அரட்டை அடித்தோம்? அப்படி என்ன மூளை அவர்களுக்கு என்று புழுங்கிச் செத்தேன்.

இரண்டு பேருக்கும் தெற்கே ஒரே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நான் வீட்டிலிருந்து மறுபடி எழுதுவதாக முடிவாயிற்று. கிளம்புவதற்கு முந்தைய வாரம் தோழி தன் பழைய வினாத்தாள் தொகுப்பை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். புரட்டிக்கொண்டே போனேன். பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஓர் அட்டவணை. தொழிற்சாலையில் ஒட்டி வைப்பார்களே, அதே மாதிரி கோடு போட்டு, மூன்று மணியிலிருந்து மூன்றே முக்கால் வரை ஏ ஷிப்ட், பிறகு பி ஷிப்ட், மறுபடி ஏ. தலைப்பு கூலிம்காரியின் கையெழுத்தில் இருந்தது: 'பிள்ளை பார்க்கிற வேலை.'

புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசை தாண்டிப் போனேன். தோழி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அட்டையைக் காட்டினேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஒருத்தி படிப்பா, இன்னொருத்தி ரெண்டு போனையும் வெச்சிக்கிட்டு ஒனக்கு பதில் போடுவா. முக்கா மணிக்கு ஒருக்கா மாத்திக்குவோம். பதில் போடலன்னா நீ விட மாட்டல்ல."

"ரெண்டு பேரு மாதிரி ஒரே ஆளா?"

"ஆமா."

"அப்ப பூன? எத்தன பக்கம் முடிஞ்சிச்சின்னு அவ கேட்டாளே?"

"அன்னிக்கு எனக்குத்தான் ஷிப்டு. ரெண்டு பக்கமும் நானே எழுதுனேன். பூன எங்க வீட்ல இருந்துச்சி, நான் அவ அத்த வீட்ல இருந்தேன்."

நான் சேமித்து வைத்து, நெஞ்சு எரிய எரிய ஆராய்ச்சி செய்த வரி இவளுடையது. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்குத் தெரியாது. என்னோடு இருக்கும்போது நான்தான் பேசுவேன், அவள் சிரிப்பாள்.

"என்னைய ஏன் கூப்புடல? எனக்கும் ஒரு ஷிப்டு போட்டிருக்கலாம்ல?" என் குரல் கிறீச்சிட்டது. வெட்கம் வர வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது அதுதான். அந்த அட்டவணையில் நான் இல்லையே என்ற பொறாமை.

அவள் ஒரு சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "மொத பரீட்சையில நான் பெயிலானப்ப ஒங்கிட்டதான் மொதல்ல காட்டுனேன். அழுதேன். நீ என் மூஞ்சிய படம் எடுத்து ஸ்டிக்கர் போட்ட. கிளாஸ்ல எல்லாரும் அத அனுப்பிக்கிட்டாங்க. இப்பக்கூட யாராச்சும் அனுப்புறாங்க." பிறகு, "நல்லாத்தான் இருந்துச்சி. நானும் சிரிச்சேன்" என்றாள்.

அதைச் செய்தது எனக்கு நினைவிருந்தது. அதற்கு எத்தனை சிரிக்கும் முகங்கள் வந்தன என்பதுகூட நினைவிருந்தது. மன்னிப்பு கேட்டேன். "பரவால்லலா" என்றாள். பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் மறந்துவிட்டதாக அர்த்தமில்லை.

அவர்கள் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு, பழக்க தோஷத்தில் திறந்த புத்தகத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். 'ஹாடிர்.' இரண்டு நீலக் குறி உடனே விழுந்தது. யாரும் எதுவும் எழுதவில்லை. நான் படிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அந்த அமைதி அவர்கள் எனக்குச் செய்கிற உதவி என்று புரிந்தது. புரிந்தும் கசந்தது.

நான்கு மணிக்குத் தோழி ஒரு படம் அனுப்பினாள், அவளும் படிக்கிறாள் என்று காட்ட. விடுதி அறை மேசை, தடித்த புத்தகம், 'ஹாடிர்'. இந்த முறை நெருக்கமாக எடுக்கவில்லை, மேசை முழுவதும் தெரியும்படி எடுத்திருந்தாள். என் விரல் தானாகப் படத்தைப் பெரிதாக்கியது. ஓரத்தில் அதே போத்தல். மூடியில் கட்டியிருந்த கயிறு நீலம்.

யார் கட்டியது என்று கேட்கக் கை பரபரத்தது. கேட்டால் பதில் வரும். ஒரு கேலி வரும், அதற்கு நான் ஒன்று எழுதுவேன், சாயங்காலம் ஆகிவிடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதல் கேள்விக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். மூன்று வரி எழுதியதும் ஒருமுறை போனைத் திருப்பி, அந்த முடிச்சை மறுபடி பார்த்தேன். நான் போட்டதைவிட இறுக்கமாகத்தான் இருந்தது.