பூனைப் படம் போட்ட டிபன் பாக்ஸ்

என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதில்லை, வீட்டில் நானே சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். பேத்தி பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றார். தட்டில் வஞ்சிர மீன் வறுவல் பாதி இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் எழுந்ததிலிருந்தே கோபம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கோபத்தில் நியாயம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். எங்கள் கிராமமான வடக்குத்திலிருந்து நிலக்கரி மைன்ஸுக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டே அப்பா என்னைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தார். நான் பி.எஸ்சி. கணக்கு முடித்ததை அவர் டீக்கடையில் சொல்லிக்கொண்ட விதத்தில், கணக்கையே நான்தான் கண்டுபிடித்தேன் என்று சிலர் நினைத்திருக்கக் கூடும். நானும் யாரையும் திருத்தவில்லை. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, என் மகளுக்கு முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுக்கிற சந்தோஷத்தை மட்டும் வேறு யாருக்கோ ஏன் தர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தவிர என் கணவருக்கு ஷிப்ட் வேலை. அவர் வீட்டில் இருக்கும்போது அவள் பள்ளியில், அவள் வீட்டுக்கு வரும்போது அவர் மைன்ஸில் என்றால், இருவரும் போட்டோவில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை நாங்கள் குடியிருக்கும் மைன்ஸ் டவுன்ஷிப்பில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. காலை பத்து மணிக்கு ஆறு வயதுக் குழந்தையோடு தெருவில் நடந்தால் ஊரே பள்ளி ஆய்வாளராகிவிடும். பால் பூத்தில் ஒருவர் ஏழாம் வாய்ப்பாடு கேட்பார். மருந்துக் கடையில் ஒருவர் மாநிலங்களின் தலைநகரங்களைக் கேட்பார். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு. நான் அங்கேயே நின்று கல்வியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றுவேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பால் திரிந்திருக்கும்.

என் மகள் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தாள். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர், ஸ்கூல் இல்லையா பாப்பா என்று கேட்டதற்கு, "எனக்கு இன்னிக்கு செகண்ட் ஷிப்ட் தாத்தா" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். இந்த ஊரில் ஷிப்ட் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. நடுமத்தியானம் ஒருவர் வாசலில் நின்று பல் துலக்கினாலும் ஷிப்ட் என்றால் முடிந்தது. அதற்குப் பிறகு வீக்லி ஆஃப், ஓவர்டைம் எல்லாவற்றையும் அவள் எடுத்துவிட்டாள். ஒருநாள் "நான் இன்னும் பெர்மனன்ட் ஆகல" என்று அவள் சொன்னதைக் கேட்டு, காய்கறிக்கார அம்மா உண்மையாகவே வருத்தப்பட்டுக் கையில் ஒரு கேரட்டைக் கொடுத்தார்.

அப்பாவிடம் மட்டும் எந்த ஷிப்டும் எடுபடவில்லை. ஆனால் அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவும் இல்லை. பேத்தியைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பேத்தி பள்ளிக்கூடம் போவாள் என்று நம்பி, குறிஞ்சிப்பாடியில் முன்கூட்டியே சாமான்கள் வாங்கி வைத்திருந்தார். பூனைப் படம் போட்ட ரோஸ் கலர் பை, அதே பூனை போட்ட தண்ணீர் பாட்டில், அதே பூனை போட்ட டிபன் பாக்ஸ். வீணாகப் போகக் கூடாது என்று அவற்றை அவரே பயன்படுத்தத் தொடங்கினார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, முதுகில் பூனையோடு, சைக்கிளில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார். வாசல் படியில் உட்கார்ந்து பேத்தியோடு விளையாடுவார். மதியம் ஆனதும் டிபன் பாக்ஸைத் திறந்து, அம்மா கட்டிக் கொடுத்த தயிர்ச்சோற்றைச் சாப்பிடுவார். தண்ணீரும் பூனை பாட்டிலிலிருந்துதான். நான் அவருக்குப் பிடித்த கறிக்குழம்பை வைத்துவிட்டு எல்லா ஜன்னல்களையும் திறந்து விடுவேன். அவர் ஊறுகாயை நக்கிக்கொண்டு எதிரிலிருக்கும் வேப்பமரத்தைப் பார்ப்பார்.

பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். அவர் போன பிறகு, அவருக்கென்று எடுத்து வைத்த கிண்ணத்தைத் திரும்பவும் குழம்புச் சட்டியில் கவிழ்க்கும்போது மட்டும் சிரிப்பு வராது. அப்பா என் வீட்டில் சாப்பிட வேண்டும். அதற்காக மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும் மாட்டேன். பிடிவாதத்தில் நான் அவர் பெண்தான்.

எதிர்வீட்டு அக்கா இதைப் பல ஞாயிறுகளாகக் கவனித்து வந்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், ரொம்ப நல்லவர். சிக்கலே அதுதான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதவள் பெற்ற தகப்பனுக்குச் சோறும் போடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு ஞாயிறு மதியம் தட்டு நிறைய இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் நீட்டினார். நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"சாப்பிடுங்க ஐயா. பாக்க மனசு கேக்கல. படிக்காத பொண்ணுங்களுக்குப் படிப்போட அருமையும் தெரியறதில்ல, தகப்பனோட அருமையும் தெரியறதில்ல."

அப்பாவின் கை டிபன் பாக்ஸுக்குள் அப்படியே நின்றது.

"யாரும்மா படிக்காத பொண்ணு? எங்க வம்சத்துலயே மொத மொத பள்ளிக்கூடம் போனவ அவ. கணக்குல பட்டம் வாங்கினவ. பாப்பாவுக்கு அவளே சொல்லிக் குடுத்துகினு இருக்கா. எந்த டீச்சருக்குக் கொறஞ்சு போயிட்டா?"

இத்தனை நாளாக நான் அவரிடம் சொல்லிச் சொல்லித் தோற்ற வாதம் அது. வார்த்தை மாறாமல் ஒப்பிக்கிறார்.

அப்படியானால் சாப்பாடு எங்கிருந்து என்று அக்கா கேட்டார். அவள் கட்டிக் கொடுத்ததுதான் என்றார் அப்பா. அக்கா டிபன் பாக்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மூக்கை என் ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"உள்ள கறிக்குழம்பு மணக்குது, உங்களுக்கு மட்டும் தயிர்சோறா?"

என் மகள் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, தாத்தா எங்கள் வீட்டில் சாப்பிடவே மாட்டார் என்று ஆரம்பித்தாள். அப்பா ஒரு பெரிய உருண்டையாக உருட்டி அவள் வாயை அடைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, கொழம்பு கேட்டு எவ்ளோ நேரம் ஆவுது? உள்ள என்னா பண்ணிகினு இருக்க?"

அவர் குழம்பு கேட்கவே இல்லை. நான் சட்டியோடு ஓடினேன். அவசரத்தில் கிண்ணம் எடுக்கவில்லை. தயிர்ச்சோற்றின் மேலேயே கறிக்குழம்பை ஊற்றிவிட்டேன். அக்காவின் முகம் சுளித்தது, ஆனால் ஆள் நகரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருக்க, அந்தக் கண்றாவிக் கலவையை அப்பா கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடித்தார். அக்காவுக்குத் திருப்தி. இடியாப்பத்தை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சோறு என்னுது. கொழம்பு மட்டுந்தான் உன்னுது. நான் சொன்ன சொல்லு அப்படியேதான் இருக்குது."

சரிப்பா என்றேன்.

அடுத்த ஞாயிறும் பூனைப் பை வந்தது. படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர் இல்லை, ஊறுகாய் இல்லை, வெறும் வெள்ளைச் சோறு. தொட்டுக்கொள்வதற்கென்று அந்த பாக்ஸுக்குள் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. அதைக் கழுவித் துடைத்துக் காலியாகக் கொண்டுவந்திருந்தார். அதை எடுத்துச் சமையலறை ஜன்னலுக்கு நேராகப் படியில் வைத்துவிட்டு, வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.