எல்லையம்மன் முன் நின்ற ஆம்புலன்ஸ்

ஆம்புலன்ஸ் ஓட்டுபவரை எங்கள் வேலையில் பைலட் என்பார்கள். பெயர்தான் பைலட். ஜவ்வாது மலை வளைவுகளில் செகண்ட் கியரைத் தாண்டினாலே பெரிய விஷயம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பிரேக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தோன்றுவது கோபத்தைப் பற்றி.

மலையூர் ஒன்றில் செல்விக்குத் தலைப்பிரசவம். குழந்தை தலை திரும்பவில்லை. என்னுடன் வந்த மெடிக்கல் டெக்னீஷியன் சுமதி பார்த்துவிட்டு, "பாய், உடனே திருப்பத்தூர் போவணும், ஆபரேஷன்தான்" என்றாள். செல்வியின் மாமனாரோ வீட்டுச் சாமி மேல் பூ வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பூ வலப்பக்கம் விழுந்தால்தான் உத்தரவு.

"பெரியவரே, இன்னும் இன்னாத்துக்கு வெயிட் பண்றீங்க?"

"சாமிய கேக்காம மலைய வுட்டு எறக்க மாட்டேங்க, பாய். எம் பொண்டாட்டிய அப்டி சாமிய கேக்காமத்தான் எறக்கனேன். பொணமா தூக்கினு வந்தேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். அப்படிக் கத்திய பைலட் ஒருவரை ஊரே கூடி வெறும் வண்டியோடு திருப்பி அனுப்பியதைப் பார்த்தவன் நான். வண்டிக்குப் பின்னால் போய், பாட்டில் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்தேன். கோபம் வந்தால் அப்படிச் செய்யச் சொல்கிறது எங்கள் மார்க்கம். கோபம் இம்மியும் குறையவில்லை. 'யா அல்லாஹ், உன் மேலேயும் கோபமாகத்தான் இருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? என் வாயையாவது கட்டு' என்றேன்.

பிறகு போய்ப் பெரியவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எறங்குற வழியில எல்லையம்மன் இருக்குதே. அங்க கேளுங்களேன். பொண்ணு வண்டியில இருக்கட்டும்."

அவர் யோசித்தார். "அவளும் எங்க ஆத்தாதான்" என்று எழுந்தார்.

செல்வியை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். வழியில் வண்டியை நிறுத்தினேன். பெரியவர் பின்கதவைத் திறந்து இறங்கிப் போய் எல்லையம்மன் கல்லில் பூ வைத்தார். பூ அசையவே இல்லை. உள்ளே செல்வி முனகிக்கொண்டிருந்தாள். எனக்கு மறுபடியும் தலைக்கு ஏறியது. என் கை ஹார்னுக்குப் போனது. ஒளு செய்த அந்தக் கையைப் பார்த்தேன். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து மெலிந்த குரல் வந்தது.

"மாமா... ஆத்தா எங்கிட்ட உத்தரவு குடுத்துட்டா. வண்டில ஏறுங்க."

பெரியவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கல்லிலிருந்த பூவைத் தானே எடுத்து அவள் கையில் கொடுத்தார். "வண்டிய எடுங்க, பாய்" என்றார்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். ஆஸ்பத்திரி வராண்டாவில் பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இறைவனிடம் அதையும் சேர்த்துத்தான் கொண்டுபோகிறேன். அவன் என்னை ஒருநாளும் விரட்டியதில்லை. அன்று என் வாயைக் கட்டச் சொன்னேன், கையையும் கட்டினான். நான் ஹார்ன் அடித்திருந்தால் செல்வியின் குரல் யாருக்கும் கேட்டிருக்காது.