அறுபத்தொன்றாம் பாலத்தைச் சுற்றிப் போகும் வழி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வடகிழக்கு மூலையில், மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஒரு மாவட்டத்தில் நூற்று நாற்பத்து மூன்று பாலங்கள் இருக்கின்றன. அத்தனை பாலங்களுக்கும் பரீட்சை வைக்கிறவள் ஒருத்திதான். பெயர் ஆர்லிஸ் க்வாமன், வயது அறுபத்து மூன்று. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பாலத்துக்கும் அடியில் நுழைந்து, சுத்தியலால் தட்டி, துருவைச் சுரண்டி, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போடுவது அவள் வேலை. தாராளமாகப் போடுகிற கை இல்லை அது. திறப்பு விழா நடந்த அன்றே ஒரு புதுப் பாலத்துக்கு எட்டுதான் போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, ஒன்பது கொடுத்தால் தலைக்கனம் வந்துவிடும் என்றாள்.

குறும்பு அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. பன்னிரண்டு வயதில் தேவாலய வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோவல் பிரெக்கியின் ரப்பர் பூட்சுக்குள் உயிருள்ள நண்டு ஒன்றைப் போட்டுவிட்டாள். லோவல் இப்போது ஐம்பத்திரண்டு மாடுகள் வைத்துப் பால் கறந்து விற்கிறான். தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் பூட்ஸ் போடுவதற்கு முன்னால் தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறிவிட்டுத்தான் காலை விடுவான்.

ஆர்லிஸ் போடும் மதிப்பெண்கள் எல்லாம் போய்ச் சேருகிற இடம் ஒரு மென்பொருள். மாநிலத்தின் எல்லாப் பாலங்களையும் அது வரிசைப்படுத்தும். எதைப் பழுது பார்ப்பது, எதை விட்டுவைப்பது, எதை இழுத்து மூடுவது என்று சொல்லும். மாவட்ட அலுவலகத்தில் அதற்கு 'பிஷப்' என்று பெயர். தூரத்தில் உட்கார்ந்திருக்கும், ஊருக்கு வந்து பார்த்ததே கிடையாது, ஆனால் சொன்னால் சொன்னதுதான். பிஷப்பைத் திட்டுவதற்கென்றே ஆர்லிஸ் தினமும் காலைக் காப்பியில் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தாள்.

பிஷப்பிடம் குறிப்புகள் எழுத ஒரு கட்டம் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை என்று அவளுக்குச் சந்தேகம். சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு பாலத்துக் குறிப்பில், 'இரண்டாம் தூணில் குடியிருக்கும் புறாக்கள் காலி செய்ய மறுக்கின்றன, வக்கீல் வைத்திருக்கின்றன' என்று எழுதினாள். ஒரு பேச்சு மூச்சு இல்லை. அப்புறம் துணிந்துவிட்டாள். ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவில் பொதிந்து சுடும் 'பை' என்ற பலகாரத்துக்குத் தன் செய்முறையைப் பாலத்துக்கு ஒரு வரியாகப் பிரித்து எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டாம் பாலத்தில் மாவு பிசைந்தாள். நாற்பதாம் பாலத்தில் தண்டை நறுக்கினாள். எண்பத்தெட்டு வருவதற்குள் அடுப்பில் வைத்தாகிவிட்டது. அப்போதும் தலைநகரிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

பிப்ரவரியில் கடிதம்தான் வந்தது. பேட்ஜர் ஓடையின் மேலுள்ள அறுபத்தொன்றாம் பாலத்தை ஜூன் முதல் தேதி மூடி, பிறகு இடித்துவிடலாம் என்றது. இரும்பு உத்தரங்களுக்கு நான்கு மதிப்பெண். போய்வரும் வண்டிகள் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, பாலம் இல்லாவிட்டால் சுற்றிப் போக வேண்டிய தூரம் மூன்றே மைல். மூன்று மைலுக்காக ஒரு பாலத்தை வைத்துக் காப்பாற்றுவானேன் என்பது பிஷப்பின் கட்சி.

அந்தப் பாலத்துக்கு அக்கரையில் நாலு வீடுகள். அதில் ஒன்று லோவலின் பண்ணை. பால் லாரி தினமும் காலை ஆறு மணிக்கு அந்தப் பாலத்தின் மேல்தான் வரும். பிஷப் சொல்கிற மூன்று மைல் வழி, பிளஃப் சாலை என்று ஒரு களிமண் தடம். சரளைகூடப் போடாதது. வாயிலேயே மஞ்சள் பலகையில், உன் பொறுப்பில் போ என்று மாவட்டமே எழுதி நட்டிருக்கிறது. வருடத்தில் ஐந்து மாதம் அதில் டிராக்டர் மட்டும்தான் போகும். லாரி போக வேண்டிய நிஜமான சுற்றுவழி இருபத்திரண்டு மைல். அவ்வளவு தூரம் சுற்றி வந்து பால் எடுக்க முடியாது என்று பால் நிறுவனம் முன்கூட்டியே கையை விரித்துவிட்டது. பாலம் போனால் மாடுகளும் போகும்.

லோவல் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் வீடு பற்றி எரிந்தாலும், கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆனால் மார்ச்சில் ஒரு நாள் ஆர்லிஸ் போனபோது, கன்றுகளுக்குப் பெயர் வைப்பதை அவன் நிறுத்தியிருந்ததைக் கவனித்தாள். பெயர்ப் பலகைகள் வெறுமையாகத் தொங்கின.

அவள் தலைநகருக்கு இரண்டு கடிதம் எழுதினாள். சுற்றுவழித் தூரம் மாவட்டம் தந்த தகவலின்படியே பதிவாகியுள்ளது என்று ஒரே பதில் இரண்டு முறை வந்தது. புளுகுமூட்டை என்று அவள் அதைக் கசக்கி எறிந்தாள். கடைசியில், அறுபத்தொன்றாம் பாலத்தை நேரில் பார்த்து முடிவு செய்ய ஏப்ரலில் தலைநகரிலிருந்து ஓர் ஆள் வருவதாகத் தகவல் வந்தது. கேரட் ப்ரூயிட் என்று பெயர், முப்பத்து நான்கு வயது. பதினொரு மணிக்கு லோவலின் பண்ணையில் சந்திப்பு.

ஆர்லிஸ் அதற்காக மூன்று காரியம் செய்தாள். ஒன்று, பாலத்தை ஆய்வுக்காகப் பகல் முழுதும் மூட அனுமதித் தாளை மாவட்டப் பொறியாளர் டுவேன் ஸ்டோல்ட்ஸ் முன்னால் நீட்டினாள். அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் பெயர் பெற்றவர். இரண்டாவது, காலை ஆறு மணிக்குப் பால் லாரி போனதும் பாலத்தின் நடுவில் மரப் பலகைகளைக் கழற்றி வைத்தாள். உத்தரத்தின் மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் கழற்றத்தான் வேண்டும். குற்றம் சொல்ல முடியாது. பிறகு ஆரஞ்சு நிற மாற்றுவழிப் பலகைகளை, பிஷப் என்ன சொல்லியிருக்கிறதோ அப்படியே, ஒரு அடி பிசகாமல் பிளஃப் சாலையைப் பார்த்து நட்டாள். அக்கரை வீட்டுக்காரர்களுக்கு முந்தின நாளே சொல்லியாகிவிட்டது. மூன்று நாளாக மழை வேறு. தோட்டத்து ரூபார்ப் இன்னும் தலை நீட்டவில்லை என்பதால் குளிர்ப்பெட்டியில் உறைந்து கிடந்த பழைய தண்டை எடுத்துச் செய்த பையை ராத்திரியே லோவலின் சமையலறையில் வைத்திருந்தாள்.

பத்தரைக்கு வெள்ளை நிற அரசாங்கக் கார் வந்து நின்றது. தரையோடு தரையாகப் போகிற கார். கேரட் இறங்கினான், பளபளக்கும் தோல் ஷூ, கையில் டேப்லெட். கூட டுவேன். ஆர்லிஸ் பாலத்தின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"தம்பி, பாலம் இன்னிக்கு மூடி இருக்கு. பலகை பிரிச்சுக் கிடக்குது, இந்தப் பக்கம் வராதீங்க."

"நான் பதினொரு மணிக்கு அந்தப் பக்கம் இருக்கணுமே."

"அதுக்கென்ன, சுத்திப் போங்க. மூணே மைலு. உங்க புரோக்ராமே சொல்லுது."

கேரட் டேப்லெட்டைப் பார்த்தான். மூன்று மைல் என்றே இருந்தது. கிளம்பத் தயாரானான். பிளஃப் சாலையோரத்துப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த டுவேனுக்கு அந்த நிமிஷம் திடீரென்று கடமை உணர்ச்சி பொங்கியது. ஆர்லிஸ் தனியாக இருக்கிறாள், யாராவது ஏணியைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் காரிலிருந்து கழன்றுகொண்டார். கார் திருப்பத்தில் மறையும்வரை இருவரும் கையசைத்தார்கள்.

"ஆர்லிஸ், என்னை எதுல கையெழுத்துப் போட வெச்சே?"

"எப்பவாவது படிச்சுப் பாரு டுவேன், நல்லா இருக்கும்."

பிளஃப் சாலையில் முக்கால் மைல் போனதும் கார் உட்கார்ந்தது. முன்னால் ஏற முயன்றது, பக்கவாட்டில் வழுக்கியது, பிறகு கதவு மட்டம்வரை களிமண்ணில் இறங்கிச் சமாதியாகிவிட்டது. கேரட் இறங்கி இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டில் கால் மட்டும் வந்தது, ஷூ வரவில்லை. அந்த நேரம் பார்த்து, முற்றிலும் தற்செயலாக, லோவல் டிராக்டரில் அந்தப் பக்கம் வந்தான். அவன் கோட்டுப் பையில் தெர்மாஸ், இருக்கைக்குப் பின்னால் எண்ணெய் போட்டுத் துடைத்த சங்கிலி. சாலை கொஞ்சம் நொதநொதவென்று இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

ஆர்லிஸ் பலகைகளை மறுபடி பூட்டிவிட்டு, டுவேனையும் ஏற்றிக்கொண்டு பாலத்தின் மேலாகவே பண்ணைக்கு வந்து சேர்ந்தபோது, கேரட் லோவலின் கம்பளிக் காலுறையோடு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். முழங்கால்வரை களிமண் காய்ந்திருந்தது. அவன் சத்தம் போடுவான், குறைந்தது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தாள். அவனோ பையை ஒரு வாய் தின்று, கண்ணை மூடி யோசித்தான்.

"ஆரஞ்சுத் தோல் போடலையே. ஐம்பதாம் பாலத்துல போடச் சொல்லியிருந்தீங்க."

ஆர்லிஸின் கையிலிருந்த காப்பி பாதி வழியில் நின்றது. அவன் சாவதானமாகச் சொன்னான்: இரண்டு வருடமாக அவள் எழுதியதெல்லாம் அவன் படித்திருக்கிறான். புறாக்களின் வழக்கு என்ன ஆயிற்று என்று அவன் அலுவலகத்தில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவனுடைய மனைவிக்கும் செய்முறை அடுப்பில் வைப்பது வரைதான் கிடைத்திருக்கிறது, மீதிப் பாலங்களுக்காகக் காத்திருக்கிறாள்.

அதற்காக விட்டுவிடுகிற ஆளா ஆர்லிஸ்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பார்த்தீர்கள் அல்லவா மூன்று மைலை, இதைத்தான் முப்பது வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன், ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காமல் தலைநகரில் உட்கார்ந்து வாய்க்கு வந்த எண்ணை எழுதினால் இப்படித்தான், எழுதின மகராசன் யாரோ அவனைக் கொண்டுவந்து அந்தச் சேற்றில் இறக்க வேண்டும் என்று விளாசித் தள்ளினாள். லோவல் தலையசைத்தான். டுவேன்கூடத் தலையசைத்தார்.

கேரட் அமைதியாகக் கேட்டுவிட்டு டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"எந்த எண்ணை யாரு, என்னிக்கு எழுதினாங்கன்னு புரோக்ராம்ல பதிவாகி இருக்கும். இதையும் பாருங்க."

1996, ஜனவரி 17. சுற்றுவழி: 3. பதிந்தவர்: ஆ.க்வா.

ஆர்லிஸுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது, இழவு, அந்த ஸ்கேல் உட்பட. வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான். வெளியே இடுப்பளவு பனி. பிஷப் அப்போதுதான் ஒரு கணினி வட்டில் ஏறி அலுவலகத்துக்கு வந்து இறங்கியிருந்தது. ஒவ்வொரு பாலத்துக்கும் சுற்றுவழித் தூரம் எவ்வளவு என்று கேட்டது. ஒரு சோள விதை நிறுவனம் இலவசமாகக் கொடுத்த ஸ்கேலை வரைபடத்தில் வைத்து, மூன்றே நாளில் நூற்று நாற்பத்து மூன்று பாலங்களுக்கும் அளந்து எழுதித் தள்ளினாள். வரைபடத்தில் பிளஃப் சாலை மற்ற சாலைகளைப் போல அழகாக, கறுப்பாக இருந்தது. அதன்பின் அந்த எண்ணை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய பதிவிலிருந்து தானாகவே புதுப் பதிவுக்கு ஏறிக்கொண்டது. அவளும் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துப் பிஷப்பைத் திட்டினாள்.

அவள் லோவலைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. வெறுமையாகத் தொங்கின அந்தப் பெயர்ப் பலகைகள்தான் கண்ணுக்குள் நின்றன. வெட்கம் காதுவரை சுட்டது.

லோவல் கையை நீட்டினான். அவள் முன்னால் இருந்த பைத் தட்டை மெதுவாக இழுத்து, இனி அவளுக்குப் பங்கு இல்லை என்பதுபோல கேரட்டின் முன்னால் வைத்தான்.

எண்ணை மாற்றலாம், ஆனால் காரணம் எழுதாமல் புரோக்ராம் விடாது என்றான் கேரட். டேப்லெட்டை அவளிடமே கொடுத்தான். அவள் ஒற்றை விரலால் 22 என்று அடித்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'முதலில் எழுதியவள் போய்ப் பார்க்கவில்லை' என்று எழுதினாள். பிஷப்புக்கு அவள் எழுதியதிலேயே விளையாட்டு இல்லாத வரி அதுதான்.

மே மாதம் பட்டியல் திரும்ப வந்தது. அறுபத்தொன்றாம் பாலத்தை மூடும் பேச்சு இல்லை. அடுத்த வருடம் மூன்று உத்தரங்களை மாற்றுவதாக இருந்தது. லோவல் கன்றுகளுக்குப் பெயர் வைத்தான். பிடிவாதக்காரப் பெண் கன்று ஒன்றுக்கு ஆர்லிஸ் என்று வைத்தான் என்று கேள்வி.

ஆனால் அந்த ஸ்கேல் அளந்த பாலங்கள் இன்னும் நூற்று நாற்பத்திரண்டு பாக்கி இருந்தன. ஜூனில் ஓய்வு பெறுவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவள், டுவேனிடம் போய் ஒரு தாளை நீட்டினாள். இந்தத் தடவை டுவேன் முழுதாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோடை முழுதும் அவள் தன் பழைய பிக்கப் வண்டியில், ஒவ்வொரு பாலத்தையும் மூடினதாகவே வைத்துக்கொண்டு, தான் எழுதின சுற்றுவழியில் தானே போய்ப் பார்த்தாள். மூன்று இடத்தில் சாலையே இல்லை. ஓரிடத்தில் சாலை போய் முடிந்தது ஒருவருடைய கோழிக்கூண்டில்.

ஒன்பது இடத்தில் சிக்கிக்கொண்டாள். ஒன்பது தடவையும் லோவலுக்குத்தான் போன் போட வேண்டியிருந்தது. அவனும் ஒன்பது தடவையும் வந்தான். டிராக்டரை நிறுத்துவான், இறங்குவான், சங்கிலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வான், மாட்ட மாட்டான். தெர்மாஸைத் திறந்து நிதானமாகக் காப்பி ஊற்றிக்கொள்வான்.

"எத்தனை மைலுன்னு எழுதியிருந்தே?"

"நாலு."

"போய்ப் பாத்தியா?"

சேற்றில் முழங்கால்வரை நின்றபடி ஆர்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லுவாள். அதைக் கேட்ட பிறகுதான் அவன் சங்கிலியை மாட்டுவான்.

"இப்பத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."