கீழ்வீட்டு விளக்கின் மூன்று கண்ணாடிகள்

திருவொற்றியூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் ஹாலில் மூன்று கிளைகள் விரித்த ஒரு விளக்கு தொங்குகிறது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு பல்பு, அதைச் சுற்றி வெளிர் ரோஜா நிறத்தில் கண்ணாடி மூடி. விளிம்பு பாவாடைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து இருக்கும். வீடு பார்க்க வந்தபோது நான் நிறைமாதக் கர்ப்பிணி. வீட்டுக்காரம்மா என் வயிற்றைப் பார்த்தார், பிறகு விளக்கைக் காட்டினார்.

"எங்க ஊட்டு லைட்டும்மா இது. ராசியான லைட்டு. இந்த மாதிரி இப்ப எங்க கெடைக்குது?"

அன்றைக்கு எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அந்த நினைப்பே இப்போது எரிச்சலூட்டுகிறது.

குடிவந்த பிறகுதான் அது சத்தம் போடும் விளக்கு என்று தெரிந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகின்றன. ஒவ்வொன்று போகும்போதும் அலமாரியில் பாத்திரங்கள் நடுங்கும். அதோடு மேலே மூன்று கண்ணாடிகளும் கிணுகிணுவென்று பேசிக்கொள்ளும். கண்ணாடியின் கழுத்தை ஒரு இரும்பு வளையம் பிடித்திருக்க, வளையத்தை மூன்று சின்ன ஸ்க்ரூக்கள் இறுக்கியிருக்கும். உப்புக்காற்றில் அவை துருப்பிடித்துப் பூத்திருந்தன. துடைக்க ஏறும்போதெல்லாம் பார்த்தேன். கணவரிடம் சொன்னேன். கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் முடித்து வந்தவர், "இத்தனை வருஷம் விழாததா இப்ப விழப்போகுது? நீ ரொம்ப யோசிக்கற," என்றார். நான் ரொம்ப யோசிக்கிறவள்தான். அதனால் என் யோசனையையே நம்பாமல் விட்டுவிட்டேன்.

விழுந்தது. ஒரு கண்ணாடி, மகள் பகலில் தூங்கும் பாயின் மேலேயே விழுந்தது. அப்போதுதான் அவள் எழுந்து, கால் கழுவ நான் குளியலறைக்குத் தூக்கிப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, அவள் தலை இருந்த இடத்தில் ரோஜாநிறச் சில்லுகள் கிடந்தன.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தார். குழந்தையைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார்.

"இன்னாம்மா பண்ண?"

"நான் எதுவும் பண்ணலம்மா. டிரெய்லர் போச்சு, அதிர்ந்து விழுந்துடுச்சு. ஸ்க்ரூ எல்லாம் துருவா இருக்கு."

"ட்ரெயிலரு இன்னிக்கா போவுது? கொயந்த பந்து கிந்து தூக்கிப் போட்டுச்சோ இன்னாவோ, லாரி மேல பழி போட்னுகீற."

"அவ இன்னும் தவழவே இல்லம்மா."

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது. அதே மாதிரி, அதே கலர்ல வாங்கி மாட்டிடு. ஒண்ணு கம்மியா இருந்தா மூளியா கீது."

பாயை நகர்த்திப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் கட்டிலும் பீரோவும், இன்னொரு பக்கம் வாசல். சமையலறை ஓரம் மட்டும்தான் மிச்சம். அங்கே மின்விசிறிக் காற்று வராது. இரண்டே நாளில் குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. மறுபடி விளக்கின் கீழேயே கொண்டுவந்து போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்ச இரண்டு கண்ணாடிகளையும் அன்றே கழற்றியிருக்க வேண்டும். ஆனால் விளக்கு அவர்களுடையது; கேட்காமல் கை வைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான்.

ராயபுரத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். மிச்சக் கண்ணாடியின் விட்டத்தை நூலால் அளந்து எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் தெற்கத்திப் பக்கத்துக்காரர், எதையும் சிரிக்காமல் விற்கிறவர். ரோஜாநிறம் இல்லை, ஏறக்குறைய அதே உருவத்தில் வெள்ளைக் கண்ணாடி ஒன்றைத் தந்தார். வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறினால் அது வளையத்துக்குள் நுழையவே இல்லை. மறுநாள் காலியாக இருந்த அந்த வளையத்தையே கழற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

"நீங்க வாய அளந்துட்டு வந்திருக்கீங்க. கழுத்தல்லா அளக்கணும்!"

"நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே. கண்ணாடி வாசல் தாண்டிட்டா திரும்ப எடுக்க மாட்டோம்மா."

அந்தக் கண்ணாடியில் இப்போது துணி கிளிப்புகள் கிடக்கின்றன. கழுத்தளவு சரியாக, பால் நிறத்தில் பிளாஸ்டிக் மூடிகளும் அவரிடம் இருந்தன. எடையே இல்லை. கையில் வைத்து அழுத்திப் பார்த்தேன். விழுந்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. வாங்கிவிட மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் முதலில் கேட்டுவிட்டு வருவோம் என்று வெறுங்கையோடு திரும்பினேன்.

கேட்கக் கீழே இறங்கியபோது வீட்டுக்காரம்மா இல்லை; மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தார். மருமகள்தான் கதவைத் திறந்தாள். என்னைவிடச் சின்னவள். இடுப்பில் பையன், கையில் பருப்புசோற்றுக் கிண்ணம். "வாங்கக்கா, அத்தை வர நேரந்தான்," என்று உட்காரச் சொன்னாள்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குள் போனாலும் கண் முதலில் மேலே போகிறது. அவர்கள் ஹாலின் நடுவில், கூரையில் ஒரு வட்ட மரக்கட்டை இருந்தது. அதன் மேலும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கட்டையிலிருந்து இரண்டு ஒயர் நுனிகள் டேப் சுற்றி நீட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்குச் சுவரில் ஒரு டியூப்லைட்.

"இங்க லைட் ஏதாவது இருந்துச்சா?"

"மேல உங்க ஊட்ல கீதே, அதான்க்கா. இவன் பொறந்தப்ப அத்தைதான் கயட்டி மேல மாட்டச் சொன்னாங்கோ. வண்டி போறப்பல்லாம் ஆடிகினே இருக்கும். கீழ கொயந்தைய போடவே பயம்..."

அவளுடைய கை பையனின் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. பையன் வாயைத் திறந்தபடி சோற்றுக்குக் காத்திருந்தான்.

"அக்கா, நான் சொன்னேன்னு..."

நான் எழுந்து வந்துவிட்டேன். படியேறும்போது என் நிறைமாத வயிற்றைப் பார்த்துக்கொண்டே "ராசியான லைட்டு" என்று சொன்ன அந்த வாய்தான் கண்முன் நின்றது.

அன்று சாயங்காலமே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மூன்று பிளாஸ்டிக் மூடிகள் வாங்கினேன். துருப்பிடிக்காத பித்தளை ஸ்க்ரூக்களும், சூடாகாத எல்.இ.டி பல்புகளும் வாங்கினேன். மறுநாள் காலை குழந்தையைக் கட்டிலில் விட்டு, கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். மெயினை அணைத்து ஸ்டூலில் ஏறினேன்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டலாம்ல?" என்றார் அவர்.

"நீங்க குழந்தைய மட்டும் பாருங்க."

பழைய ஸ்க்ரூக்கள் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, மெதுவாகத் திருகினேன். இரண்டு கண்ணாடிகளும் கையோடு வந்தன. வளையங்களைத் துடைத்தேன். பிளாஸ்டிக் கழுத்தை ரொம்ப இறுக்கினால் விரிசல் விடும் என்பதால், மூன்று ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன்.

வீட்டுக்காரம்மா வரத் தாமதமாகவில்லை. வாசலிலேயே நின்றார்.

"இன்னாது இது, ஆஸ்பத்திரி கணக்கா? யாரக் கேட்டு கயட்ன?"

"உங்க பேரனுக்கு யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?"

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரம்மா வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

"யாரு சொன்னா?"

"உங்க ஹால் கூரையே சொல்லுது. நீங்க உங்க வீட்டுல வேணாம்னு கழட்டினதைத்தான் என் குழந்தை தலைக்கு மேல மாட்டியிருக்கீங்க."

"தோ பாரும்மா, வாடகைக்கு வந்தவங்க வாடகைக்கு வந்த மாதிரி இருக்கணும். வேற ஊடு பாத்துக்கோ. போறப்ப என் லைட்டு எப்டி இருந்துச்சோ அப்டியே மாட்டிட்டுப் போ."

"வீடு பாத்துக்கறோம். கண்ணாடிய மாட்ட மாட்டேன்."

அவர் போனதும் கணவர் கேட்டார்: "இவ்வளவு பேசணுமா?" சரியான கேள்விதான். குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் வீடு வீடாக அலைய வேண்டும். புரோக்கர் ஒருவர் எண்ணூர் பக்கம் காட்டுகிறார்; அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கிறது. கொஞ்சம் நயமாகச் சொல்லியிருக்கலாமோ என்று தினமும் ஒரு தடவையாவது நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே அண்ணாந்து பார்க்கிறேன். டிரெய்லர் போகிறது, பாத்திரங்கள் நடுங்குகின்றன, மேலே சத்தமில்லை. அப்புறம் அந்த நினைப்பு நிற்கிறது.

மிச்ச இரண்டு கண்ணாடிகளையும் நியூஸ்பேப்பரில் சுற்றி, சண்டை நடந்த அன்றே கீழே கொண்டுபோனேன். மருமகள்தான் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் வைக்கக் குனிந்தேன். பேப்பர் விலகி ரோஜாநிற விளிம்பு தெரிந்தது. பையன் ஆசையாகத் தவழ்ந்து வந்தான். அவள் பாய்ந்து அவனை அள்ளிக்கொண்டாள்.

"ஐயோ, அங்க வைக்காதீங்கக்கா, கொயந்த கீது!"

உள்ளே வீட்டுக்காரம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

நான் வைத்துவிட்டு மேலே வந்தேன்.