அம்மா வந்தது கணக்கில் இல்லை

ஒன்றரை மாதம் இருக்கும். கொழும்பிலிருந்து ரயிலில் வந்து வட்டவளையில் இறங்கி, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிப் போனேன். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது. எங்கள் மலையில் வேப்பமரம் கிடையாது. யாரோ மெனக்கெட்டு டவுனில் வாங்கி வந்திருக்கிறார்கள்.

அக்கா எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம்.

"பக்கத்துல யாருக்காச்சும் நோயாக்கா?"

"நோயெல்லாம் ஒன்னுமில்ல தம்பி. அம்மா வந்திருக்காங்க. ரெண்டு புள்ளைகளுக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்காகவும்... என் ஆராய்ச்சிக்காகவும். எதற்காக முதலில் என்று கேட்காதீர்கள்.

என் தொழிலைச் சொல்ல வேண்டும். ஒரு தொற்று எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும், யாருடைய பரம்பரைக்கு எது ஒட்டாது என்பதைக் கணினியில் மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான் என்பதால், அப்பா இதை ஊருக்கே விளக்குவார்: "மகன் கம்ப்யூட்டர்ல காச்சல் வளக்குறான்."

போன வருடம் தோட்டம் தோட்டமாகப் படிவம் கொடுத்தோம். ஒரு கேள்வி: 'உங்கள் வீட்டில் எவருக்கேனும் எப்போதாவது தொற்று நோய் ஏற்பட்டதுண்டா?' நல்ல தமிழ். நான்தான் எழுதினேன்.

மலை முழுக்க ஒரே பதில் – இல்லை.

எங்கள் ஆராய்ச்சிப் பேராசிரியர் துள்ளிக் குதித்தார். "தம்பி, இது பரிணாமம். தலைமுறை தலைமுறையாகப் பனியும் அட்டையும் சலித்தெடுத்த ஜனங்கள். மரபணுவில் ஏதோ இருக்கிறது." நானும் நம்பினேன். எங்கள் இரத்தத்தைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நம்பாமல் இருக்க முடியுமா?

வெளிநாட்டு மாநாட்டுக்கு ஸ்லைடுகள் தயாராகின. கூடவே இன்னொன்றும் நடந்தது. மருத்துவக் குழு எந்தத் தோட்டத்துக்கு முதலில் போவது என்று என் மாதிரிக் கணக்குதான் பட்டியல் போட்டது. நோயே இல்லாத எங்கள் மலைத் தோட்டங்கள் கடைசி.

"ஒனக்கு எப்பவாச்சும் அம்மா வந்திருக்காங்களாக்கா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"இல்ல. ஒனக்கு வந்தப்ப என்னையக் கொத்மலைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே. அங்கேயே மூனு கிழமை, இருபத்தொரு நாளு இருந்தேன்."

அதாவது, என் மாதிரிக் கணக்கு சொல்ல வேண்டியதை – நோய் தொடாதவரைத் தள்ளி வைப்பதை – எங்கள் வீட்டில் அப்போதே செய்திருக்கிறார்கள். கணினி இல்லாமல்.

அரை மணி நேரத்தில் த்ரீவீலரில் ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். "சும்மா இருக்குறவள நோயாளி ஆக்குறான் பாரு" என்று வழியெல்லாம் அக்கா திட்டினாள். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். எதிர்ப்புச் சக்தி இல்லை என்று ஊசி போட்டார். "இப்பவே வந்தது நல்லது. வயித்துப் பிள்ளைக்கும் தாய்க்கும் இது விளையாட்டில்லை" என்றார். அக்கா அதற்கப்புறம் திட்டவில்லை.

வராந்தாவிலிருந்து பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"சேர், இங்க அம்மை இருக்கு. எப்பவும் இருந்திருக்கு. நாங்க அதை நோய்னு சொல்றதில்ல, அவ்வளவுதான்."

"அப்போ மரபணு?"

"கேள்விதான் சேர் பிழை."

"ஸ்லைடெல்லாம் முடிஞ்சுதே, தம்பி..."

மறுபடியும் படிவம் அடித்தோம். இந்த முறை கேள்வி: 'உங்க வீட்டுக்கு அம்மா வந்தாங்களா?' அதே வீடுகள், அதே ஆட்கள். வந்தாங்க, வந்தாங்க, ரெண்டு தரம் வந்தாங்க! எங்களோடு வேலை செய்யும் கொழும்புப் பையன் முதல் நாள் பதில்களை எல்லாம் 'உறவினர் வருகை' என்ற பகுதியில் பதிந்து வைத்திருந்தான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

பட்டியல் தலைகீழானது. மருத்துவக் குழு எங்கள் தோட்டத்துக்கு முதலில் வந்தது. மாநாட்டில் எங்கள் இடத்தில் வேறு யாரோ பேசினார்கள். அக்கா ஒரு மாதம் கொத்மலையில் இருந்தாள், உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. இப்போது வீட்டுக்கு வந்து, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பழைய படிவங்களைக் கட்டி வைக்கும்போது எங்கள் வீட்டுப் படிவம் கையில் வந்தது. யாரையும் கேட்காமல் நானே நிரப்பியது.

'இல்லை' என்று எழுதியிருக்கிறேன் – என் மூக்கின் மேல் அம்மா விட்டுப்போன இரண்டு தழும்போடு.